கலர் நிற்க மாட்டேங்குது, அக்கா



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. பக்கத்துத் தெருப் பெண். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பைக்குள்ளிருந்து மூன்று சின்ன டப்பாக்களை எடுத்து டீப்பாய் மேல் வரிசையாக வைத்தாள். பழைய பத்து பைசா வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. லிப் பாம்.

"திறந்து பாருங்கக்கா."

முதல் டப்பாவில் மேலாக வெளிர் ரோஜா நிறம். விரலால் அழுத்தினால் அடியில் சிவப்புத் தண்ணீர் துளித்துளியாகக் கசிகிறது. பீட்ரூட் சாறு. இரண்டாவதும் பீட்ரூட்தான், ஒரு மாதம் பழசு. காய்ந்த ரத்தம் மாதிரி பழுப்பு. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. மூன்றாவது பளிச்சென்று இருந்தது. கேசரிப் பவுடர் போட்டாளாம். பொடி கரையவே இல்லை. மெழுகில் மணல் மணலாக நிற்கிறது. தடவிப் பார்த்தேன். உதட்டில் ஏறியதோ இல்லையோ, விரலிலிருந்து இரண்டு நாள் போகவில்லை.

"கலர் நிக்க மாட்டேங்குதுக்கா. வாங்கினவங்க திருப்பி அனுப்பறாங்க. நீங்க புக்ல இதெல்லாம் போடறீங்களே, யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். படித்தேன். அந்த மூன்று டப்பாக்கள்தான் இந்த மாதம் உங்களோடு பேச எனக்குக் கிடைத்த விஷயம். கலரில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். 2020 மார்ச் வரை ஒரு பியூட்டி பார்லரில் வேலை. சம்பளம் ஒன்பதாயிரம், கல்யாண சீசனில் டிப்ஸ் தனி. ஊரடங்கு வந்தது. "இரண்டு வாரம்தான்" என்று சொல்லி ஷட்டரை இறக்கிய முதலாளியம்மா, மறுபடி திறந்தபோது இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டார். இவள் அந்த இரண்டு பேரில் இல்லை. அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது. வாடகை பாக்கி அவருக்கும் கழுத்துவரை. இவள் வீட்டுக்காரர் கல்யாண மண்டபங்களுக்கு லைட், மைக் போடுகிறவர். கல்யாணமே ஐம்பது பேரோடு நடந்த காலத்தில் லைட்டுக்கும் மைக்குக்கும் என்ன வேலை?

தோட்டை அடகு வைத்தாள். மாவரைத்து விற்றாள். தெருவுக்கு நான்கு பேர் மாவு விற்க ஆரம்பித்ததும் அதை விட்டாள். யூடியூப் பார்த்து சோப்பு செய்தாள். பிறகு லிப் பாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் கடை.

உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு "இது என் கதை" என்று சொல்வீர்கள்? நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் விளம்பரக் கேட்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. கொரோனாவுக்கு முன்னால் புடவை, பாத்திரம், ஜோசியம். இப்போது ஹோம்மேட் கண்மை, ஹோம்மேட் குங்குமம், ஹோம்மேட் ஃபேஸ் க்ரீம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் 2020-லோ 2021-லோ ஒரு ஷட்டர் இறங்கியிருக்கிறது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், மளிகைக் கணக்கு அளவுக்குத்தான்.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நகரங்களில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய 21 சதவீதம் என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே சொன்னது. ஐந்து பேரில் ஒருவர். கிராமங்களில் நூறு நாள் வேலைக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த நிதியாண்டில் மட்டும் நாடு முழுக்க 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. அதே கணக்கெடுப்பில் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை நகர வேலையின்மை 6.6 சதவீதம். சந்தோஷமான செய்திதானே?

பெண்கள் கணக்கு இன்னும் சந்தோஷமாகத் தெரியும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்கிறவர்கள் அல்லது வேலை தேடுகிறவர்கள் 2017-18ல் 23.3 சதவீதம். 2023-24ல் 41.7 சதவீதம். ஆறு வருடத்தில் இவ்வளவு ஏற்றம். பெண்கள் வேலைக்குப் போவது குறைந்துகொண்டே வருகிறது என்று வருடக்கணக்கில் புலம்பிய பொருளாதார நிபுணர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மளிகைக் கடை பில்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. இந்த பில்லையும் புரட்டினேன்.

அந்த வேலை பார்க்கிற பெண்களில் சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் வருகிறவர்கள் 2017-18ல் 51.9 சதவீதம். 2023-24ல் 67.4. அதற்குள்ளே இன்னொரு சின்னத் தலைப்பு இருக்கிறது: குடும்பத் தொழிலில் உதவியாளர். கடையில் உட்காருவார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், தறியில் நூல் கோப்பார். சம்பளம் கிடையாது. வேலை பார்க்கும் பெண்களில் 36.7 சதவீதம் பேர் இந்த வகை. நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்தேழு பேர்! அவர்களும் 'வேலையில் இருப்பவர்' என்ற பட்டியலில்தான் வருகிறார்கள்.

இதில் மோசடி எதுவும் இல்லை. உலகம் முழுக்க வகுத்துக்கொண்ட விதிப்படிதான் எண்ணுகிறார்கள். சொல்லப்போனால், முன்பு 'வீட்டில் சும்மா இருக்கிறார்' என்று எழுதிவிட்டுப் போன பெண்ணை இப்போது உழைப்பவர் என்று எழுதுவது ஒரு விதத்தில் மரியாதைதான். அந்த மரியாதையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதையை வைத்து கேஸ் சிலிண்டர் வாங்க முடியுமா?

நம் லிப் பாம் பெண்ணிடமே கேட்டேன். "மாசம் எவ்வளவு நிக்குது?"

அவளிடம் கணக்கு இல்லை. என் மகளின் பழைய நோட்டில் உட்கார்ந்து போட்டோம். மாதம் நூறு டப்பா. ஒன்று எண்பது ரூபாய். எட்டாயிரம். தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், ஷியா பட்டர், டப்பா, லேபிள் எல்லாம் நாலாயிரத்து முந்நூறு. கூரியர், பேக்கிங் ஆயிரத்து நூறு. கலர் போய்த் திரும்பி வந்தது பன்னிரண்டு டப்பா, தொள்ளாயிரத்து அறுபது. மிச்சம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. கேஸ், கரண்ட் சேர்க்கவில்லை.

ராத்திரி சமையலறை ஓய்ந்த பிறகு ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டினால் பதினொன்றரை ஆகிறதாம். மாதத்தில் இருபது நாள். ஐம்பது மணி நேரம். மணிக்கு முப்பத்து மூன்று ரூபாய் கூட வரவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் லேபிள் ஒட்டுகிறாள்.

நோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கலர் மட்டும் சரியாயிட்டா அந்தப் பன்னெண்டு டப்பா திரும்பாதுக்கா" என்றாள்.

அதுவும் சரிதான். கலருக்கே வருவோம்.

பீட்ரூட் ஏன் நிற்கவில்லை? அதன் சிவப்பு தண்ணீரில் கரைகிற சிவப்பு. லிப் பாம் முழுக்க எண்ணெயும் மெழுகும். ரசத்தில் மிதக்கும் நெய் மாதிரி இரண்டும் ஒட்டாது. போதாக்குறைக்கு, சூடும் வெளிச்சமும் பட்டால் பீட்ரூட் நிறம் பழுப்பாகிவிடும். சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கேசரிப் பவுடரும் தண்ணீர்ச் சாயம்தான். எண்ணெயில் கரையாமல் மணலாக நின்று, உதட்டு ஈரம் பட்டதும் கரைந்து தோலில் கறையாக ஏறுகிறது.

அப்படியானால் கம்பெனி லிப்ஸ்டிக்கில் மட்டும் எப்படி நிற்கிறது? இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

பழைய வழி நம் ஊர்ச் சாயக்காரர்களுக்குத் தெரிந்த வழி. துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுவார்கள் இல்லையா? படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே தத்துவத்தில், தண்ணீரில் ஓடும் சாயத்தை அலுமினியச் சேர்மத்தின் மேல் ஏற்றிக் கரையாத தூளாக்கிவிடுகிறார்கள். 'லேக்' என்று பெயர். ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரக்கு என்ற பொருளில் வந்த சொல். லிப்ஸ்டிக்கின் பழம்பெரும் சிவப்பான கார்மைன் இந்த ரகம். அது ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது என்பது சைவத் தோழிகளுக்குத் தனியாக ஒரு தகவல்.

புது வழிதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. என்கேப்ஸ்யுலேஷன் என்கிறார்கள். நிறத்தை ஒரு கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் போட்டு மூடிவிடுவது. மாதுளை முத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாறு இருக்கிறது, நிறம் வெளியே தெரிகிறது, கையில் ஒட்டுவதில்லை, தோல் உடையும்வரை. அந்த முத்தை ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிதாக்கினால் அதுதான் இது. தோல் சில சமயம் மெழுகு, சில சமயம் ஜெலட்டின் அல்லது பாலிமர், சில சமயம் கண்ணாடி மாதிரியான சிலிக்கா.

ஏதோ வெளிநாட்டு விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். நாம் எல்லோரும் இதைத் தொட்டிருக்கிறோம். கார்பன் பேப்பர் வைக்காமலே அடுத்த தாளில் எழுத்து விழுகிற பில் புத்தகம் பார்த்திருக்கிறீர்களா? மேல்தாளின் பின்பக்கம் முழுக்க நிறமில்லாச் சாயம் அடைத்த நுண் உறைகள். பேனா அழுத்தியதும் உடைகின்றன. கீழ்த்தாளில் பூசிய களிமண் பட்டதும் சாயம் நீலமாகிறது. கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து விற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி 1954-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எழுபது வருடப் பழைய சமாச்சாரம்.

அதே வித்தைதான் வெள்ளையாகப் பிதுங்கி, தேய்த்ததும் தோல் நிறத்துக்கு மாறுகிற அந்த க்ரீம்களில். "உங்கள் சருமத்தைப் புரிந்துகொள்ளும் க்ரீம்" என்று விளம்பரம் சொல்லும். க்ரீமுக்கு எதுவும் புரியாது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளை உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் விரல் தேய்க்கும்போது உறை உடைகிறது. அவ்வளவுதான்.

நிறத்தை உள்ளே வைத்து மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறங்கள் ரொம்பத் தொட்டாற்சுருங்கி. ஆரத்தித் தட்டில் பார்த்திருக்கிறோமே, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பு. அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். அந்தக் காலத்தில் வேட்டிக்குப் போட்ட நீலப்பொடி ஞாபகம் இருக்கிறதா? அல்ட்ராமரைன். கண் இமைக்குப் பூசும் நீலத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். அதில் புளிப்பு பட்டால் நிறம் செத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். சிலிக்கா உறை போட்டால் புளிப்பு உள்ளே போகாது.

வெளிச்சத்திலிருந்தும் உறை காப்பாற்றும். 1984-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் டேவிட் அவ்னிரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சாயத்தைச் சிலிக்காக் கண்ணாடிக்குள் அடைத்துப் பார்த்தார்கள். வெளியே இருந்ததைவிட உள்ளே வெளுக்காமல் நின்றது. அந்தச் சாயத்தின் பெயர் ரோடமின்.

எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததே, அதற்குக் காரணம் ரோடமின்-பி. அந்தக் கண்ணாடிக்குள் போனதன் ஒன்றுவிட்ட சகோதரன். துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற மலிவான ரோஜாச் சாயம். பஞ்சுமிட்டாய் மட்டுமா? மலிவுக் குங்குமத்தில் அது கலக்கப்படுவதும், நெற்றியில் அரிப்பும் கறுப்பும் வருவதும் தோல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் புகார்.

இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

உறை போட்டதால் உள்ளே இருப்பது சுத்தமாகிவிடாது. தடை செய்த சாயத்தைச் சிலிக்காவுக்குள் போட்டாலும் அது தடை செய்த சாயம்தான். உறை உடையும். உதட்டில் போட்டது வயிற்றுக்குள் போகும். நம் நாட்டில் அழகுசாதனத்துக்கு எந்தெந்த நிறம் போடலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் பட்டியல் வைத்திருக்கிறது. அந்த நிறங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் போகக் கூடாது, ஆர்சனிக் 2 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பும் உண்டு. கம்பெனியாக இருந்தாலும் நம் சமையலறையாக இருந்தாலும் வரம்பு ஒன்றுதான்.

வரம்பை யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். 2017-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்கும மாதிரிகளைச் சோதித்தார்கள். வடக்கே வகிட்டில் வைக்கும் சிந்தூர்தான். அங்கே வாங்கியதில் 83 சதவீதத்திலும் இங்கே வாங்கியதில் 78 சதவீதத்திலும் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமாவது ஈயம் இருந்தது. குங்குமம் வைக்கும் கைதான் தவழும் குழந்தையையும் தூக்குகிறது. நெற்றியைத் தொட்ட விரல்தான் அடுத்த நிமிடம் சோறு ஊட்டுகிறது.

என் பாட்டி குங்குமம் வீட்டில்தான் செய்வார். மஞ்சள், வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். நிழலில் உலர்த்திச் சலித்தால் இருண்ட சிவப்பு வரும். கடைக் குங்குமத்தின் பளீர் இருக்காது. பளீர் என்று இருந்தாலே பாட்டி வாங்கமாட்டார். அந்தக் கண் நமக்கு இல்லை. இப்போதைய கேமரா வெளிச்சத்துக்கு இருண்ட சிவப்பு எடுபடவும் எடுபடாது. ஸ்டிக்கர் பொட்டு விஷயம் வேறு. அங்கே வம்பு நிறத்தில் இல்லை, பசையில். சில பசைகளில் இருக்கும் பீனால் வகைப் பொருள் பட்டுப் பட்டு நெற்றி நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல முகம் சுருங்கியது.

"அப்போ நான் செய்யறது தப்பாக்கா?"

என்ன பதில் சொல்வேன்? அவள் நல்ல தேன்மெழுகு வாங்குகிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். தன் மகள் உதட்டில் முதலில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறாள். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சட்டப்படி அவள் லிப் பாம் ஓர் அழகுசாதனப் பொருள். 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, செய்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தேதியைக் கவனித்தீர்களா? அவளைப் போன்றவர்கள் சமையலறையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அதே கொரோனா வருடம்.

அவள் கையில் உத்யம் சான்றிதழ் இருந்தது. லேமினேட் செய்து வைத்திருந்தாள். "இது இருந்தா போதும்னாங்களே" என்றாள். போதாது. அது நீங்கள் சிறுதொழில் செய்கிறவர் என்பதற்கான பதிவு. அவ்வளவே. உணவுப் பாதுகாப்பு எண்ணை லிப் பாம் டப்பாவில் அச்சடித்திருப்பவர்களையும் பார்க்கிறேன். அதுவும் பொருந்தாது. உதட்டுக்குப் போவது உணவில்லை.

வழி இல்லாமல் இல்லை. அதே விதிகளில் 'லோன் லைசென்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. கடன் கொடுப்பது இல்லை. உரிமம் பெற்ற ஒருவரின் தொழிற்கூடத்தை நாம் பயன்படுத்தி நம் பெயரில் செய்துகொள்ள அனுமதி. அங்கே கெமிஸ்ட் இருப்பார். பரிசோதனை நடக்கும். கரையாத தூளும் உறை போட்ட நிறமும் சான்றிதழோடு வாங்கிக் கலக்க முடியும். அவளால் தனியாக முடியாது. பத்துப் பெண்கள், இருபது பெண்கள் சேர்ந்தால்?

குழுவாகச் சேர்வது நமக்குப் புதிதா? மகளிர் சுய உதவிக் குழுவை 1989-லேயே தருமபுரியில் தொடங்கி நாட்டுக்குக் காட்டிய மாநிலம் இது. ஊறுகாய்க்கும் பினாயிலுக்கும் குழு வைக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பொதுக் கலவைக்கூடமும் ஒரு பரிசோதனை மேசையும் கேட்டு வாங்கத் தெரியாதா? மாவட்டத்துக்கு ஒன்று போதும். வங்கிக் கடன் தருகிறோம், தொழில் தொடங்குங்கள் என்று சொல்லும் அரசு இதையும் சேர்த்துத் தர வேண்டும். கடன் மட்டும் கொடுத்துவிட்டு, வேலை பார்ப்பவர்கள் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்லரில் இருந்தபோது க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பதில் சொல்ல முதலாளியம்மா இருந்தார். இப்போது அந்தப் பதிலும் இவள் தலையில்தான். சம்பளம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, பொறுப்பு முழுசாக வந்துவிட்டது.

இதைப் படிக்கும் சிலர், "கொரோனா முடிந்து எத்தனை வருடமாகிவிட்டது, இன்னுமா?" என்று கேட்கலாம். பார்லர்கள் திறந்தாகிவிட்டன. தெருவுக்குத் தெரு புதுசாகவும் வந்திருக்கின்றன. அவளும் போய்க் கேட்டாள். மூன்று வருட இடைவெளியில் ட்ரெண்ட் மாறிவிட்டதாம், புது கோர்ஸ் முடித்த பெண்கள் கிடைக்கிறார்களாம். தோட்டை விற்றுக் கோர்ஸ் படிப்பாளா? தோடுதான் ஏற்கெனவே அடகில் இருக்கிறதே. வேலை திரும்பி வந்தது என்பது உண்மை. பழைய ஆளைத் தேடி வரவில்லை.

சரி, நம் பங்குக்கு என்ன?

வாங்குகிறவர்களுக்கு: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். இவை இருக்கின்றனவா? இல்லையென்றால் கேளுங்கள். தெரிந்த பெண்தானே என்று கூச்சப்படாதீர்கள். 'நேச்சுரல்' என்ற ஒரே சொல்லில் மயங்கவும் வேண்டாம். ஈயமும் நேச்சுரல்தான், மண்ணிலிருந்துதான் வருகிறது.

செய்கிறவர்களுக்கு: உரிமம் கைக்கு வரும்வரை நிறம் சேர்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு ஆசை. ஆனால் நிறமில்லாத லிப் பாமுக்கும் உரிமம் வேண்டும் என்பதுதான் விதி. அதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் விரும்பவில்லை. கேசரிப் பவுடர், கோலப்பொடி, மெழுகுவர்த்திக் கலர், கைவினைக் கடை மைக்கா இவற்றை இன்றோடு எடுத்து வையுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், உங்களைப் போல யார் யார் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

நம் இதழுக்கு: அடுத்த இதழிலிருந்து, உரிம எண் இல்லாத அழகுசாதன விளம்பரம் எதுவும் நம் பக்கங்களில் வராது. வருமானம் கொஞ்சம் குறையும். விளம்பரப் பிரிவில் என்மேல் வருத்தம். இத்தனை நாள் போட்டோமே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போட்டிருக்கக் கூடாது.

அந்தப் பெண் இப்போது நிறமில்லாத தேங்காய் எண்ணெய் சோப்பு செய்கிறவர்களோடு சேர்ந்து லோன் லைசென்ஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் உங்களுக்குச் சொல்கிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே ஏதாவது செய்து விற்கிற தோழிகள், ஒரே ஒரு மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். முன்பு வாங்கிய சம்பளம், இப்போது வந்த பணம், போன பணம், எத்தனை மணி நேரம். பெயர் போடமாட்டோம். வந்தவற்றைத் தொகுத்து அடுத்த மாதம் வெளியிடுகிறேன். லேபிள் ஒட்டின மகளின் நேரத்தையும், டப்பா வாங்கிவந்த மாமியாரின் நேரத்தையும் விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்